சிறையில் நோயுற்ற செயற்பாட்டாளருக்காக முறையீடு எழுதுவது எப்படி?

கேள்வி: எங்களோடு பணியாற்றிய நிலவுரிமைச் செயற்பாட்டாளர் ஒருவர் விசாரணைக் கைதியாகச் சிறையில் இருக்கிறார். சர்க்கரை நோயால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கிறது. சிறப்பு மருத்துவரிடம் அழைத்துச் செல்ல மறுக்கிறார்கள். விடுதலையும் சிகிச்சையும் கோரி முறையீடு அனுப்ப விரும்புகிறோம். யாருக்கு, எப்படி எழுத வேண்டும்? கையெழுத்து திரட்டினால் போதுமா?

பதில்: முதலில் அந்த முறையீட்டை இரண்டாகப் பிரியுங்கள். விடுதலை ஒரு கோரிக்கை, சிகிச்சை வேறொரு கோரிக்கை. இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதினால், ‘வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது, நாங்கள் தலையிட இயலாது’ என்ற ஒற்றை வரிப் பதிலில் சிகிச்சையும் அடிபட்டுப் போகும். சிகிச்சைக் கடிதம் தனியாகப் போனால் அந்தப் பதிலுக்கே இடமில்லை. அவர் குற்றவாளியா இல்லையா என்று தெரிந்த பிறகு மருந்து கொடுக்கலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

சிகிச்சைக் கடிதத்துக்கு உறுதியான அடித்தளம் இருக்கிறது. கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று வரையறுக்கும், 2015 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகளைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். வெளியே இருப்பவர்களுக்குக் கிடைக்கும் அதே தரத்தில், கட்டணமின்றி, கைதிக்கு மருத்துவம் அளிப்பது அரசின் பொறுப்பு என்கிறது 24ஆம் விதி. 27ஆம் விதிதான் உங்களுக்கு மிகவும் பயன்படும். சிறப்புச் சிகிச்சை தேவைப்படுவோரை அதற்குரிய மருத்துவமனைக்கு மாற்ற வேண்டும் என்றும், மருத்துவரின் முடிவைச் சிறை அதிகாரிகள் மீறவோ புறக்கணிக்கவோ கூடாது என்றும் அது சொல்கிறது. தமது மருத்துவக் கோப்பைப் பார்க்கவும், தம் சார்பில் அதைப் பார்க்க இன்னொருவரை நியமிக்கவும் கைதிக்கு உரிமை உண்டு என்பது 26ஆம் விதி. அந்த நியமனக் கடிதத்தை வழக்கறிஞர் மூலம் இந்த வாரமே வாங்கிவிடுங்கள். கோப்பு இல்லாத முறையீடு வெறும் வேண்டுகோளாகவே நின்றுவிடுகிறது.

‘அவர் உடல்நிலை மோசமாக இருக்கிறது’ என்று எழுதாதீர்கள். எந்த நோய், எந்தத் தேதியில் கண்டறியப்பட்டது, எந்த மருந்து எத்தனை நாளாகக் கிடைக்கவில்லை, எந்தப் பரிசோதனை எப்போது பரிந்துரைக்கப்பட்டது என்று எழுதுங்கள். பழங்குடி மக்களின் உரிமைக்காகப் பணியாற்றி, 2020 அக்டோபரில் கைதான பாதிரியார் ஸ்டேன் சுவாமிக்கு வயது 83, பார்க்கின்சன் நோய். கை நடுக்கத்தால் குவளையைப் பிடிக்க முடியாமல், உறிஞ்சுகுழல் கேட்டு அவர் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியிருந்தது. சிறையில் நோயாளி படும் பாட்டை எத்தனையோ அறிக்கைகளைவிட அந்த ஒரு சிறு பொருள் மக்களுக்குத் தெளிவாக உணர்த்தியது. ஆனாலும் 2021 ஜூலை 5 அன்று, பிணை மனு நிலுவையில் இருந்தபோதே அவர் இறந்துவிட்டார். தாமதம் உயிரைக் குடிக்கும் என்பதற்காகவே சொல்கிறேன்: உங்கள் கடிதத்தில் பதிலுக்கு ஒரு தேதி கட்டாயம் இருக்கட்டும்.

இந்தக் கடிதத்தைச் சிறைக் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். சிறை மருத்துவருக்கும், சிறைத்துறையின் தலைமைக்கும், நாட்டின் மனித உரிமை ஆணையத்துக்கும் நகல் போகட்டும். ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். நாளை நீதிமன்றத்தில் ‘எங்களுக்கு யாரும் தெரிவிக்கவில்லை’ என்று சொன்னால் அதுவே சான்று.

விடுதலைக் கோரிக்கை நீதிமன்றத்தில் வழக்கறிஞர் வழியாகத்தான் போக வேண்டும். மருத்துவக் காரணத்துக்கான பிணையைத் தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். விசாரணைக் கைதியாக இருந்த கவிஞர் வரவர ராவுக்கு 2021 பிப்ரவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் ஆறு மாதப் பிணை அளித்ததும், 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தக் கால வரம்பை நீக்கியதும் அவரது உடல்நிலையை முன்வைத்துத்தான். நீங்கள் வெளியிடும் அறிக்கையில் சாட்சிகளைப் பற்றியோ நீதிபதியைப் பற்றியோ ஒரு வரிகூட வேண்டாம். வெளியிடும் முன் வழக்கறிஞர் படித்துவிடட்டும்.

ஐ.நா.வுக்கும் எழுதலாம். தன்னிச்சையான தடுப்புக்காவல் குறித்த பணிக்குழுவுக்கு அவசர முறையீடு அனுப்ப, உள்நாட்டு நீதிமன்றப் படிகள் அத்தனையும் ஏறி முடித்திருக்க வேண்டியதில்லை. உடல்நலத்துக்கும் மனித உரிமைக் காப்பாளர்களுக்கும் உரிய சிறப்பு அறிக்கையாளர்களும் (ஐ.நா. நியமிக்கும் தனி வல்லுநர்கள்) இருக்கிறார்கள். தகவல் தருபவரின் பெயரை வெளியிட மாட்டார்கள். கைதியின் பெயர் அரசுக்குத் தெரிவிக்கப்படும். ஆகவே அவருடைய சம்மதம் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். நோயின் பெயரைப் பொதுவெளியில் சொல்வதற்கும் அதே சம்மதம் வேண்டும். நல்லெண்ணத்தோடு செய்தாலும், ஒருவரின் உடலைப் பற்றிய செய்தி அவருக்குத்தான் சொந்தம்.

அவர் உண்ணாநோன்பு தொடங்கினால், ‘எப்படியாவது உணவு கொடுங்கள்’ என்று பதற்றத்தில் எழுதிவிட வேண்டாம். தெளிந்த மனத்தோடு உணவை மறுப்பவருக்கு வலுக்கட்டாயமாக உணவு புகட்டுவதை உலக மருத்துவச் சங்கத்தின் மால்டா பிரகடனம் ஏற்கவில்லை. அவர் நம்பும் மருத்துவர் ஒருவர் நாள்தோறும் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள்.

கையெழுத்து இயக்கம் தேவைதான். ஆனால் அது தனியாக நின்று பெரிதாக எதையும் சாதிப்பதில்லை. அச்சடித்த ஒரே வாசகத்துக்குக் கீழே குவியும் ஆயிரம் பெயர்களைவிட, மருத்துவர்கள் சிலர் தங்கள் பெயரிலும் தங்கள் சொற்களிலும் எழுதும் கடிதங்கள் கனமானவை. உங்கள் செயற்பாட்டாளருக்குத் தேவை சிறுநீரக மருத்துவர் ஒருவரின் கருத்துரை. பரிசோதனை இன்னும் எத்தனை நாள் தள்ளிப்போனால் என்ன பாதிப்பு வரும் என்று அவர் எழுதித் தரட்டும். கையெழுத்துத் தாள்களுக்கு முன் அதைக் கேட்டு வாங்குங்கள்.