டோப்பா வைத்த ஜட்ஜ் படம்: சட்டத்தை மட்டும் விற்கலாமா?

கேள்வி: தேவகோட்டையில் எங்கள் பூர்வீக வீட்டு முகப்பில், ஐயா காலத்திலிருந்தே ஒரு வெள்ளைக்கார ஜட்ஜ் படம் தொங்குகிறது. நீள டோப்பா வைத்த கறுப்பு வெள்ளைப் படம். அடியில் ஆங்கில எழுத்தில் இடப்பக்கம் ‘ரெனால்ட்ஸ் பின்க்ஸ்ட்’, வலப்பக்கம் ‘பார்த்தலோஸி ஸ்கல்ப்ட்’, நடுவில் மான்ஸ்ஃபீல்டு பிரபுவின் பெயர், 1786 என்ற ஆண்டு. பழைய சாமான் வாங்குகிறவர், படம் வெறும் அச்சு, பர்மாத் தேக்குச் சட்டத்துக்குத்தான் விலை என்கிறார். தாளில் பழுப்புப் புள்ளிகளும் இருக்கின்றன. சட்டத்தைக் கொடுத்துவிட்டு, படத்தைத் துடைத்து வேறு சட்டம் போடலாமா?

பதில்: சட்டத்தை விற்பது உங்கள் பங்காளிகள் கூடி முடிவு செய்ய வேண்டியது. ஆனால் வாங்க வந்தவர் கையால் படத்தைப் பிரிக்க மட்டும் விடாதீர்கள். அவருக்குத் தேவை மரம். தாள் கிழிந்தால் அவருக்கு நஷ்டமில்லை.

‘பின்க்ஸ்ட்’ என்பது லத்தீன் சொல்லின் சுருக்கம். தீட்டியவர் என்று பொருள். ‘ஸ்கல்ப்ட்’ என்றால் செதுக்கியவர். ஜோஷுவா ரெனால்ட்ஸ் வரைந்த எண்ணெய் வண்ண ஓவியத்தைப் பார்த்து, ஃபிளாரன்ஸில் பிறந்து லண்டனில் தொழில் செய்த பார்த்தலோஸி செப்புத் தகட்டில் செதுக்கிய படம் இது. இடம் வலம் மாற்றித்தான் தகட்டில் செதுக்க வேண்டும். பள்ளங்களில் மையை நிரப்பி, மேற்பரப்பைச் சுத்தமாகத் துடைத்து, ஈரத் தாளை வைத்து உருளையில் அழுத்துவார்கள். வண்ணத்தில் இருந்த முகத்தைக் கோட்டையும் புள்ளியையும் மட்டும் வைத்து மறுபடி உருவாக்குவது பெரிய கலை. அதை ‘வெறும் அச்சு’ என்று தள்ளுவதை என்னால் ஏற்க முடியவில்லை. படத்தில் இருப்பவரும் சாதாரண ஆள் இல்லை. 1756 முதல் 1788 வரை இங்கிலாந்தின் தலைமை நீதிபதி. சாமர்செட் என்ற அடிமையை விடுவித்து 1772இல் தீர்ப்புச் சொன்னவர்.

சரி, உங்களிடம் இருப்பது அந்தக் காலத்துத் தாள்தானா? 1786 என்பது படம் வெளியான ஆண்டு. இங்கிலாந்தில் 1735இல் வந்த சட்டப்படி, பிறர் காப்பி அடிக்காமலிருக்க வெளியிட்ட தேதியைத் தகட்டிலேயே பொறிக்க வேண்டும். அதே தகட்டில் பின்னால் அச்சடித்தாலும் அந்த ஆண்டுதான் விழும். அதனால் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸில் பாருங்கள். வரிசை பிசகாத ஒரே மாதிரிப் புள்ளிக் கட்டம் தெரிந்தால் அது பிற்காலப் புகைப்பட அச்சு. படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு அழுந்திய பள்ளம் தெரிகிறதா? பக்கவாட்டில் டார்ச் அடித்தால் புலப்படும். இந்தப் பள்ளம் இருப்பது மட்டும் சாட்சியாகாது. பிற்காலத்தில் செப்புத் தகட்டிலேயே புகைப்படத்தை ஏற்றி அச்சடித்த படங்களிலும் அது உண்டு. தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நீரெழுத்தில், அதாவது தாள் செய்யும்போதே அதற்குள் பதிந்த குறியில், ஆண்டு தெரியலாம். 1786க்குப் பிந்திய ஆண்டாக இருந்தால் பிறகு அச்சடித்தது. அதே சுவரில் ரவிவர்மா படங்கள் இருந்தால் அவை கல்லச்சு, அதாவது செதுக்காமல் தட்டைக் கல்லில் வரைந்து அச்சடித்தவை. அவற்றில் இந்தப் பள்ளத்தைத் தேடாதீர்கள்.

பழுப்புப் புள்ளிகளைத் தொடவே வேண்டாம். ஈரத் துணி, எலுமிச்சை, ப்ளீச்சிங் பவுடர் எல்லாமே தாளைக் கெடுக்கும். தாள் செப்பனிடத் தெரிந்தவரிடம் கொடுங்கள். புதுச் சட்டம் போடும்போது பிரேம் கடைக்காரர் அளவுக்காக ஓரத்தை வெட்டுவார். ஓரத்தோடு பள்ளமும் எழுத்தும் போய்விட்டால் படத்தின் பிறப்புச் சான்றே போன மாதிரி. கண்ணாடி தாளில் ஒட்டாதபடி அமிலமில்லாத அட்டை வைக்கச் சொல்லுங்கள். பின்பக்கம் பழைய பலகையை மறுபடி வைக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் முகப்புச் சுவர் ஈரம் இழுக்கும். சட்டத்தின் பின்மூலைகளில் கார்க் துண்டு ஒட்டினால் காற்றுப் போகும். ராமபாணப் பூச்சி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விலையைப் பொறுத்தவரை, பல பிரதிகள் அச்சான படம் இது, லட்சங்களை எதிர்பார்க்காதீர்கள். அப்புறம், சிங்கப்பூரில் இருக்கும் பங்காளி யாராவது கேட்டால் பார்சலில் அனுப்பிவிடாதீர்கள். நூறு ஆண்டு தாண்டிய கலைப்பொருள் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை இருக்கிறது.