முன்பணம் யார் பொறுப்பு?

கேள்வி: வாடகைக்குக் குடியிருப்பவர் உள்ள ஒரு வீட்டை வாங்கவிருக்கிறேன். அவர் கொடுத்த முன்பணம் பழைய உரிமையாளரிடம் உள்ளது. பிறகு அதைத் திருப்பித் தர வேண்டியவர் யார்?

பதில்: பல நாடுகளின் சட்டப்படி, வீட்டோடு வாடகை ஒப்பந்தத்தின் கடமைகளும் கைமாறுவதால், பணம் உங்களிடம் வந்து சேராவிட்டாலும் குடியிருப்பவர் உங்களிடமே அதைக் கேட்க முடியும். ஆகவே கிரயத்திற்கு முன்பே அத்தொகையை விலையில் கழித்துக்கொண்டு, அந்த விவரத்தைப் பத்திரத்தில் எழுதச் செய்யுங்கள். முன்பணம் இனி உங்கள் பொறுப்பில் இருப்பதைக் குடியிருப்பவருக்கும் தேதியிட்ட கடிதத்தில் தெரிவியுங்கள். அது உங்கள் வருமானமன்று, அவருடைய பணம்; சில நாடுகளில் தனி வங்கிக் கணக்கிலேயே வைக்க வேண்டும். காலி செய்யும்போது உடைந்த வாஷ்பேசினுக்கு ரசீதுடன் கழிக்கலாம். நாள்பட மங்கிய சுவர்ப்பூச்சுக்குக் கழிப்பது முறையன்று. வாங்கும் நாளிலேயே அறை அறையாகப் புகைப்படம் எடுத்து, நீங்களும் குடியிருப்பவரும் கையொப்பமிட்டுக்கொள்ளுங்கள்.