கடலை ஒவ்வாமையோடு மாநாட்டுச் சாப்பாடு

கேள்வி: எனக்கு வயது 34. வேர்க்கடலை, முந்திரி இரண்டும் ஒவ்வாமை. ஒருமுறை மூச்சுத்திணறி மருத்துவமனையில் சேர்க்கும்படி ஆகிவிட்டது. அடுத்த மாதம் வெளியூரில் மூன்று நாள் மாநாடு. மதியம் பஃபே, இரவில் குழுவாக உணவகம். கடலை போட்ட பதார்த்தங்களை ஒதுக்கிவிட்டால் போதுமா? அவசரத்துக்கு நானே போட்டுக்கொள்ள வைத்திருக்கும் இரண்டு அட்ரினலின் பேனா ஊசிகளை விடுதி அறையில் வைத்துவிட்டுப் போகலாமா?

பதில்: அறையில் வைக்கவே கூடாது. இரண்டு ஊசிகளும் எப்போதும் உங்கள் தோள்பையில் இருக்க வேண்டும். 25 டிகிரிக்கு மேல் சூடாகும் இடத்தில், முக்கியமாக நிறுத்திய காருக்குள், வைக்காதீர்கள். காலாவதித் தேதியை இன்றே பாருங்கள்.

ஒதுக்கினால் மட்டும் போதாது. பஃபேயில் ஆபத்து பெரும்பாலும் பக்கத்துத் தட்டிலிருந்துதான் வருகிறது. ஒருவர் முந்திரி தூவியதை எடுத்த கரண்டியை அடுத்த பாத்திரத்தில் போட்டுவிடுவார். அதனால் மாநாட்டுக்கு இரண்டு வாரம் முன்பே ஏற்பாட்டாளருக்கு எழுத்தில் தெரிவித்து, சமையலறையிலேயே தனியாக எடுத்து மூடி, உங்கள் பெயர் ஒட்டிய தட்டு கேளுங்கள். அது முடியாவிட்டால், வரிசை திறக்கும் முன் முதல் ஆளாக உங்களுக்குப் பரிமாறச் சொல்லுங்கள். இரண்டும் நடக்காத நாளுக்காக, சீல் பிரிக்காத, லேபிள் படித்த உணவு ஒரு வேளைக்காவது கையில் இருக்கட்டும்.

உணவகத்தில் "கடலை இருக்கிறதா?" என்று கேட்டால், பரிமாறுபவர் கண்ணுக்குத் தெரியும் கடலையை மட்டும் நினைத்து இல்லை என்பார். சமையல்காரரிடமே கேளுங்கள்: கிரேவியில், சாஸில் என்ன அரைத்துச் சேர்த்தீர்கள்? என்ன எண்ணெய்? அதே எண்ணெயில் வேறு என்ன பொரித்தீர்கள்? மிக்ஸி, கத்தி, வாணலி பொதுவா? செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயில் புரதம் தங்கியிருக்கும்; சுத்திகரித்ததில் மிகக் குறைவு, ஆனால் எது என்று சொல்லத் தெரியாத இடத்தில் வேண்டாம். பதில் தடுமாறினால் அந்தப் பதார்த்தத்தை விட்டுவிடுங்கள். இனிப்பு, ஐஸ்கிரீம் பக்கம் போகாதிருப்பதே நல்லது. முந்திரி ஆகாதவர்களில் பெரும்பாலோருக்குப் பிஸ்தாவும் ஆகாது. மருத்துவரிடம் பரிசோதித்துப் பார்க்கும்வரை அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

கைகுலுக்கிவிட்டு வந்தால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சானிட்டைசர் கிருமியைக் கொல்லும், கடலைப் புரதத்தை நீக்காது. மது, கடும் உடற்பயிற்சி, தூக்கமின்மை ஆகியவை சிறு அளவுக்கே பெரிய எதிர்வினையைக் கிளப்பிவிடலாம். மாநாட்டு நாட்களில் தூக்கம் குறைவது வழக்கம் என்பதால் இதைச் சொல்கிறேன்.

குரல் கம்மினால், தொண்டை இறுகினால், மூச்சு வாங்கினால், தலை சுற்றினால், தடிப்போடு வாந்தியும் வந்தால் யோசிக்காமல் ஊசி போடுங்கள்: தொடையின் நடுவில், வெளிப்பக்கம், உடைக்கு மேலேயே. பெரியவர்களுக்குப் பொதுவாக 0.3 மி.கி. பிறகு காலை உயர்த்திப் படுங்கள். மூச்சு முட்டினால் காலை நீட்டி உட்காருங்கள். எழுந்து நடக்கக் கூடாது. திடீரென்று இரத்த அழுத்தம் சரிந்துவிடும். சங்கடப்பட்டுக் கழிப்பறைக்கோ அறைக்கோ தனியாகப் போய்விடுவதுதான் நான் மிகவும் அஞ்சுவது. உடன் வரும் ஒருவருக்கு ஊசி இருக்கும் இடத்தையும் போடும் விதத்தையும் முதல் நாளே காட்டிவிடுங்கள். ஆம்புலன்ஸை அவர் அழைக்கட்டும். 5 நிமிடத்தில் குறையாவிட்டால் இரண்டாவது ஊசி. அலர்ஜி மாத்திரை அரிப்பைத்தான் குறைக்கும், மூச்சுக்குழாயைத் திறக்காது. ஊசிக்குப் பின் நன்றாகிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போங்கள். சில மணி நேரம் கழித்து எதிர்வினை மறுபடி வருவதுண்டு.