கணிதம் பிடித்தால் எந்தப் பொறியியல்?

விசுவமடுவிலிருந்து உயர்தரம் இரண்டாம் வருட மாணவி ஒருவர் எழுதியிருக்கிறார்: "ஐயா, இணைந்த கணிதம்தான் எனக்கு உயிர். ஒரு கணக்கு வராவிட்டால் அன்றிரவு நித்திரையும் வராது. வீட்டில் எல்லோரும் சிவில் எடு, வன்னியில் வேலை கிடைக்கும் என்கிறார்கள். கணிதம் கடைசிவரை கூட வருகிற பொறியியல் துறை எது?"

துறையின் பெயரைச் சொல்வதற்கு முன், உங்கள் கணிதப் பிரியம் எத்தகையது என்பதை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். அதற்கு ஒரு கணக்குத் தருகிறேன். மாரியில் குளம் நிரம்பி, மிகைநீர் வழிந்தோடக் கட்டிய தடுப்பான வானின் மேலால் பாய்வதைப் பார்த்திருப்பீர்கள். வானின் விளிம்புக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் பாய்ந்த நீர் இரண்டு சாணாக உயர்ந்தால், வெளியேறும் நீரும் இரு மடங்காகும் என்றே பலரும் நினைப்பார்கள். உண்மையில் அது ஏறத்தாழ 2.83 மடங்காகும். நீர்மட்டத்துக்குக் கீழே ஓர் ஆழத்தில் நீரின் வேகம் அந்த ஆழத்தின் வர்க்கமூலத்துக்கு விகிதசமம் எனக் கொண்டு, மட்டத்திலிருந்து விளிம்புவரை தொகையிட்டுப் பாருங்கள்; உயரத்தின் ஒன்றரையாம் அடுக்கு வந்து நிற்கும். உங்கள் பாடத்திட்டத்தைத் தாண்டாத தொகையீடுதான் அது. ஆனால் உண்மையான நீரை அளந்து பார்த்தால், கூரிய விளிம்புள்ள தடுப்பொன்றில், அந்தக் கணக்கு சொல்வதில் ஏறத்தாழ 0.6 பங்குதான் வெளியேறும். விளிம்பைத் தாண்டும்போது நீர்த்தாரை சுருங்குவது முக்கிய காரணம். அந்த எண்ணைப் பரிசோதனையில் அளந்தே பெறுகிறார்கள்.

அந்த 0.6 ஐக் கண்டதும் உங்கள் மனம் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். அது ஏன் வந்தது, வானின் வடிவத்தை மாற்றினால் அதுவும் மாறுமா என்று அறியும் ஆவல் எழுந்தால் நீங்கள் பொறியியலுக்கு உரியவர். அழகாக வந்த விடையில் அது ஒரு கறையாகத் தோன்றி, நிறுவலின் தூய்மையே உங்களை இழுத்தால், கணிதத்தையே பட்டமாகப் படிப்பது மேல். 2021 ஆகஸ்ட் முதல் தனிப் பல்கலைக்கழகமாக இயங்கும் வவுனியாவிலும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடத்திலும் அதற்கு வழி உண்டு. பொறியியல் கிடைக்காதவர்களுக்கான இரண்டாம் தெரிவு என்று அதை நம்மவர்கள் பேசுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

பொறியியல்தான் என்றால், மின் மற்றும் இலத்திரனியல் துறையை முதலில் சொல்வேன். நீங்கள் பரீட்சைக்காகப் படிக்கும் சிக்கலெண் அங்கே அன்றாடக் கருவி; ஆடலோட்டச் சுற்றொன்றை அது இல்லாமல் கணிப்பது பெரும் சிரமம். மன்னார்த் தீவில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட காற்றாலைகளை நினைத்துப் பாருங்கள். காற்றிலுள்ள வலு அதன் வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு விகிதசமமாதலால், வேகம் பாதியானால் வலு எட்டில் ஒன்றாகிவிடும். இப்படி ஏறி இறங்கும் மின்னை, நாட்டின் மின்விநியோகக் கட்டமைப்பு குலையாமல் அதில் சேர்ப்பதற்கு வகையீட்டுச் சமன்பாடுகளும் கட்டுப்பாட்டுக் கோட்பாடும் தேவை. சமிக்ஞைச் செயலாக்கமோ முழுக்கவும் கணிதம்.

கணினிப் பொறியியலில் நிகழ்தகவும் தாயங்களும் நிறைய உண்டு, ஆயினும் மென்பொருள் வேலையில் சேர்ந்த பலருக்கு அவை நாள்தோறும் தேவைப்படுவதில்லை. இயந்திரப் பொறியியலில் அதிர்வும் வெப்பமும் பாய்பொருளும் கணிதம் செறிந்த பகுதிகள்.

சிவிலைப் பற்றி வீட்டார் சொல்வது பிழையன்று. குளங்களும் வீதிகளும் பாலங்களும் உள்ளவரை இங்கே அந்த வேலை இருக்கும். ஆனால் கட்டுமான இடத்தில் நிற்பவருடைய நாளில் பெரும்பகுதி அளவைகளிலும் பொருட் கணக்கிலும் ஆட்களை நடத்துவதிலும் கழியும். கணிதம் செறிந்திருப்பது கட்டமைப்பு வடிவமைப்பிலும் நீரியலிலும்தான். சிவிலுக்குப் போனால் அந்தப் பக்கம் திரும்புங்கள்.

இவற்றையெல்லாம் இன்றே தீர்மானிக்க வேண்டியதில்லை. கிளிநொச்சி அறிவியல்நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் தொடக்கப் பருவங்கள் எல்லோருக்கும் பொதுவானவை. துறை அதன் பிறகே, பெறுபேற்றையும் விருப்பத்தையும் பார்த்து வழங்கப்படுகிறது.

இன்று கவனிக்க வேண்டியது வேறொன்று. கடிதத்தில் இரசாயனவியலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கப்படும் இசட் புள்ளி மூன்று பாடங்களின் சராசரியாதலால், இணைந்த கணிதத்தில் எவ்வளவு உயர்ந்தாலும் இரசாயனவியலில் விழுந்த பள்ளத்தை அது முழுதாக நிரப்பாது. கணிதத்தில் மிகச் சிறந்த பிள்ளைகள் அந்த ஒரு பாடத்தால் பொறியியலைத் தவறவிட்டதைப் பார்த்திருக்கிறேன். கணக்கு வராத இரவில் விழித்திருக்கும் உங்களால், அதில் ஒரு மணி நேரத்தைச் சேதன இரசாயனத்துக்கு ஒதுக்க முடியும்; இந்த வாரமே தொடங்குங்கள்.