வீட்டு வைஃபையில் தெரிகிற கேமரா, வெளியே போனால் தெரிவதில்லை

ஃபைபர் இணைப்புக்கு மாறிய பிறகுதான் மொபைல் டேட்டாவில் கேமரா வரவில்லை, போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து கேமராவை அடைய ரூட்டரில் வழி திறப்பது) போட்டும் பயனில்லை என்கிறீர்கள். கேமரா படத்தைப் பதிவு செய்யும் பெட்டியான டிவிஆர் மேல் சந்தேகப்படாதீர்கள். ரூட்டரில் வான் (WAN) ஐபி, அதாவது இணைய நிறுவனம் ரூட்டருக்குத் தரும் முகவரி, என்ன என்று பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், ஒரே பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுத் தருகிறார்கள் என்று அர்த்தம். அங்கே போர்ட் திறந்து எந்தப் பயனும் இல்லை. திறந்து வைப்பதும் நல்லதல்ல. 2016இல் மிராய் வைரஸ் புகுந்ததே தொழிற்சாலைப் பாஸ்வேர்டை மாற்றாத இந்த மாதிரிப் பெட்டிகளில்தான்.

உங்கள் டிவிஆர் ஹிக்விஷன் என்பதால் பி2பி போதும்; போர்ட் திறக்காமல், நிறுவனத்தின் சர்வர் வழியாக ஆப்பை டிவிஆரோடு இணைக்கும் முறை அது. டிவிஆர் மெனுவில் நெட்வொர்க், அதற்குள் பிளாட்ஃபார்ம் ஆக்சஸ் போய் எனேபிள் செய்து, வெரிஃபிகேஷன் கோடு ஒன்று வையுங்கள். ஸ்டேட்டஸ் 'ஆன்லைன்' என்று மாற வேண்டும். அப்புறம் ஹிக்-கனெக்ட் ஆப்பில் க்யூஆரை ஸ்கேன் செய்தால் முடிந்தது.

'ஆஃப்லைன்' என்றே நின்றால், பெரும்பாலும் கேட்வே, அதாவது இணையத்துக்குப் போகும் வழியாக டிவிஆரில் பதிந்துள்ள ரூட்டர் எண்தான் காரணம். பழைய ரூட்டர் 192.168.1.1, புதியது 192.168.1.254 என்று வைத்துக்கொள்ளுங்கள். டிவிஆரில் பழைய எண்ணே இருந்தால், வீட்டுக்குள் எல்லாம் ஓடும், டிவிஆருக்கு இணையம் மட்டும் கிடைக்காது. கேட்வேயில் புது ரூட்டரின் எண்ணையும், டிஎன்எஸ்ஸில் (இணையப் பெயர்களை ஐபி எண்ணாக மாற்றும் சேவை) 8.8.8.8 என்றும் போடுங்கள்.

படம் திக்கித் திக்கி வந்தால் ஆப்பில் ஹெச்டியை விட்டு, குறைந்த தரத்துக்கு மாற்றிப் பாருங்கள். இரவில் வாசலில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்க அது தாராளம். ஆமாம், அட்மின் பாஸ்வேர்டை கேமரா மாட்டியவரே வைத்திருக்கிறாரா? முதலில் அதை மாற்றுங்கள்.