செயின் எவ்வளவு தொங்கலாம்?

போன இதழில் டயரைப் பற்றி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி செயினைப் பற்றிக் கேட்கின்றன. அதனால் இந்த மாதம் முழுக்கச் செயின்தான். டர்பனுக்கு வடக்கே ஒரு சர்க்கரை ஆலையில் 31 வருடம் ஃபிட்டராக இருந்தவன் நான். கரும்பை மேலே இழுத்துப் போகும் செயினில் ஒவ்வொரு லிங்கும், அதாவது கண்ணியும், என் உள்ளங்கையை விடப் பெரிது. பைக் செயின் அதற்குத் தம்பி. உள்ளே இருக்கும் பின்னும் (மூட்டைக் கோக்கும் கம்பி) புஷ்ஷும் (அதைச் சுற்றிய குழாய்) இரண்டிலும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன, ஒரே மாதிரிதான் தேய்கின்றன.

கேள்வி: பழைய வி-ஸ்ட்ராம் 650 ஒன்று வாங்கியிருக்கிறேன். ஈஸ்டரில் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, அடுத்த வாரம் நண்பர்களோடு லெசோத்தோவுக்குப் போகும் சானி பாஸ் மலைப்பாதையில் ஏறுவதாகத் திட்டம். செயின் தேய்ந்துவிட்டது என்கிறார்கள். கடையில் ஓ-ரிங், எக்ஸ்-ரிங், தங்க நிறம் என்று மூன்று வகை காட்டுகிறார்கள். 520 அளவு போட்டால் எடை குறையும் என்கிறார் ஒரு நண்பர். எதை வாங்கலாம் மாமா?
(சாட்ஸ்வொர்த் வாசகர்)

பதில்: தம்பி, தேய்ந்துவிட்டதா என்று முதலில் நீங்களே அளந்து பாருங்கள். செயினின் கீழ்ப்பக்கம் இழுபட்டு நேராக நிற்கும்படி இன்ஜினை நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்தைக் கையால் முன்னுக்குத் தள்ளிப் பிடியுங்கள். ஒரு பின்னின் நடுவில் இருந்து எண்ணி 21ஆவது பின்னின் நடு வரை ஸ்டீல் ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். நடுவே 20 லிங்க். ஒரு லிங்கின் நீளம் 15.875 மி.மீ. என்பதால் புதுச் செயினில் 317.5 மி.மீ. வரும். சுசுகி கையேடு சொல்லும் எல்லை 319.4. இடையில் முழுதாக 2 மி.மீ.கூட இல்லை! அதனால் கண்ணால் பார்த்து யாரும் சொல்ல முடியாது. மூன்று நான்கு இடத்தில் அளந்து பாருங்கள், செயின் எல்லா இடத்திலும் ஒரே அளவாகத் தேயாது.

செயின் நீண்டுவிட்டது என்று எல்லோரும் சொல்கிறோம். இரும்பு நீள்வதில்லை. பின்னும் அதைச் சுற்றியிருக்கும் புஷ்ஷும் உரசி உரசி ஒவ்வொரு மூட்டிலும் மயிரளவு இடைவெளி விழுகிறது. நூற்றுக்கு மேற்பட்ட மூட்டுகளில் அந்த மயிரளவு சேர்ந்துதான் உங்கள் செயின் தொங்குகிறது. அந்த உரசலைக் குறைக்கத்தான் செயின் செய்யும் ஆலையிலேயே கிரீஸை உள்ளே வைத்து, இரண்டு பக்கமும் ரப்பர் வளையம் போட்டு அடைத்துவிடுகிறார்கள். வளையம் உருண்டையாக இருந்தால் ஓ-ரிங். குறுக்கே வெட்டினால் எக்ஸ் வடிவத்தில் இருப்பது எக்ஸ்-ரிங். இது மெல்லிய விளிம்புகளால் தகட்டைத் தொடுகிறது. அதனால் உராய்வு குறைவு, கிரீஸும் நெடுநாள் நிற்கும். எக்ஸ்-ரிங் வாங்குங்கள். டிஐடி, ஆர்கே, இகே, ரெஜினா, இவற்றில் எது கிடைத்தாலும் சரி. தங்க நிறம் என்பது மேல்பூச்சு. கடல் காற்றில் துருப்பிடிப்பது கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். கையில் காசு குறைவாக இருந்தால் சாதாரண நிறமே போதும். வளையமே இல்லாத செயினை விலை குறைவு என்று எடுத்துவிடாதீர்கள்.

520, 525 என்பதில் முதல் 5 லிங்கின் நீளத்தைச் சொல்கிறது: எட்டில் ஐந்து பங்கு அங்குலம். பின்னால் வரும் இரண்டு எண் உள் அகலம். 20 என்றால் கால் அங்குலம், 25 என்றால் பதினாறில் ஐந்து பங்கு. உங்கள் பைக்குக்குக் கம்பெனி கொடுத்தது 525. 520 போடுவதென்றால் செயின் ஓடும் பல்சக்கரங்களான இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும் மாற்ற வேண்டும். மிச்சமாகும் எடை உங்கள் தண்ணீர் பாட்டிலை விடக் குறைவாகத்தான் இருக்கும். 525ஐ விட்டு நகராதீர்கள்.

இன்னொன்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சானி என்றாலே யாராவது சொல்வார்கள்: முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைத்துப் போடு என்று. 15க்குப் பதில் 14 போட்டால் இழுவை 7 சதவீதம் கூடும், உண்மைதான். ஆனால் நம் பக்கத்துச் சோதனைச் சாவடியில் இருந்து 2876 மீட்டர் உச்சிக்கு ஏற வேண்டியது 8 கிலோமீட்டர்தான். அதற்காக டர்பனில் இருந்து போகவும் வரவும் நெடுஞ்சாலை முழுக்க இன்ஜின் கூடுதலாகக் கத்த வேண்டியிருக்கும். சின்ன ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றும்போது செயினும் கூடுதலாக மடங்கி நிமிர்கிறது, சீக்கிரம் தேயும். முதல் கியரில் கிளட்சை விட்டு, நிதானமாக ஏறுங்கள்.

கேள்வி: தொங்காட் பக்கம் கரும்புத் தோட்டத்துச் செம்மண் பாதையில்தான் தினமும் ஓட்டுகிறேன். ஸ்ப்ரே அடித்த மறுநாளே செயின் சிவப்புச் சேறு பூசினது போல் ஆகிவிடுகிறது. ஸ்ப்ரேயே அடிக்காமல் விட்டால் என்ன?
(தொங்காட் வாசகர்)

பதில்: பாதி சரியாக நினைத்திருக்கிறீர்கள். ரப்பர் வளையம் காப்பது பின்னையும் புஷ்ஷையும் மட்டும். வெளியே சுற்றும் ரோலருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது, அதற்கு நாம்தான் எண்ணெய் காட்ட வேண்டும். வளையமும் காய்ந்தால் வெடிக்கும். ஆனால் பசை போல ஒட்டும் ஸ்ப்ரே செம்மண்ணுக்கு ஆகாது. மண்ணும் பசையும் சேர்ந்தால் அது அரைக்கிற விழுது.

நான் செய்வதைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் செயினுக்குக் கீழே பழைய செய்தித்தாளை விரிப்பேன். ஒரு தகர டப்பாவில் பாரஃபின், அதாவது நம் மண்ணெண்ணெய், அரை டம்ளர். மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷைத் தோய்த்து, ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே தேய்ப்பேன். செய்தித்தாளில் முதலில் கறுப்பாக விழும், அப்புறம் சிவப்பாக, கடைசியில் நிறமே இல்லாமல் விழும். அப்போது நிறுத்திக்கொண்டு துணியால் துடைப்பேன். பிறகு கியர் ஆயில், 80 அல்லது 90 நம்பர், கீழ்ப்பக்கச் செயினின் உள்பக்கத்தில் ரோலர்மேல் சொட்டுச் சொட்டாக விட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி நன்றாகத் துடைத்துவிடுவேன். துடைத்த பிறகு மிஞ்சும் ஈரம் போதும். தொட்டால் விரலில் மினுமினுப்பு இருக்க வேண்டும், வழியக்கூடாது. உங்கள் பாதைக்கு 500 கிலோமீட்டருக்கு ஒரு முறை, மழையில் நனைந்தால் அன்றைக்கே.

பெட்ரோல் வேண்டாம், ரப்பர் கெட்டுவிடும். கம்பி பிரஷ் வேண்டாம், வளையத்தைக் கீறும். பிரஷர் வாஷரைக் கிட்டே கொண்டுபோய் அடித்தால் தண்ணீர் வளையத்தைத் தாண்டி உள்ளே போகும்.

இன்னும் ஒன்று, இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். இன்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டுச் சக்கரத்தைச் சுற்றவிட்டுத் துடைக்காதீர்கள். துணி ஒரு நூல் மாட்டினால் போதும், விரலைப் பல்லுக்குள் இழுத்துவிடும். ஆலையில் பார்த்திருக்கிறேன். சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

துடைத்து முடித்த செயினில் ஒவ்வொரு மூட்டையும் பாருங்கள். செம்மண் எல்லா இடத்திலும் ஒட்டும். ஆனால் 50 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு ஒரே ஒரு பின்னைச் சுற்றி மட்டும் பழுப்புச் சிவப்பாக உலர்ந்த தூள் கசிந்திருந்தால் அது மண் இல்லை, துரு. அந்த வளையம் போய்விட்டது, உள்ளே கிரீஸ் இல்லை. அந்த லிங்கை விரலால் மடித்தால் விறைப்பாக இருக்கும். அந்தச் செயினை எந்த எண்ணெயும் திரும்ப எழுப்பாது.

கேள்வி: என் பைக் உயரமான 650, ஒற்றை சிலிண்டர். கையேட்டில் செயின் 50 மி.மீ.க்கு மேல் தொங்கலாம் என்று போட்டிருக்கிறது. என் கணவர், அவ்வளவு தொங்கினால் கழன்றுவிடும், இறுக்கு என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
(பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி)

பதில்: கையேடு சொல்வதைக் கேளுங்கள் அம்மா. உங்கள் வீட்டுக்காரரின் பயம் நியாயமானதுதான், ஆனால் அவர் பைக் சும்மா நிற்கும்போது பார்க்கிறார்.

முன் ஸ்ப்ராக்கெட்டின் மையம், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் மடங்கும் இடம், பின் ஆக்ஸில், இந்த மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் இரண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவே தூரம் மிக அதிகம். அந்த நேரத்தில்தான் செயின் இழுத்துக் கட்டினது போல் நிற்கும். ஆள் ஏறாமல் நிற்கும் பைக்கில் ஆக்ஸில் கீழே தொங்கிக்கொண்டிருக்கும். நீங்கள் உட்கார்ந்து, பெட்டி கட்டி, ஒரு குழியில் இறங்கினால் மூன்றும் நேர்கோட்டுக்கு வந்துவிடும். சாலை பைக்கில் சஸ்பென்ஷன் குறைவாக அசைவதால் 20, 30 மி.மீ. தொய்வு போதும். உங்களுடையது போல உயரமான பைக்குக்கு 40, 50, சிலதுக்கு அதற்கு மேலும் கேட்கும்.

இதை நான் பணம் கொடுத்துக் கற்றேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பட்டறையில் புதுச் செயின் போட்டேன். பைக்கைத் தூக்கி நிறுத்தி, பின் சக்கரம் காற்றில் தொங்க, விரலளவு தொய்வு மட்டும் வைத்து இறுக்கிக் கொடுத்தார்கள். செயின் பார்க்க அழகாக இருந்தது, நானும் அளக்கவில்லை. இரண்டு பெட்டி, பின்னால் என் தம்பி, அண்டர்பர்க் நோக்கிக் கிளம்பினோம். வழியெல்லாம் ஒவ்வொரு குழியிலும் ஒரு முனகல் சத்தம். அண்டர்பர்க்கில் பெட்ரோல் போட நிறுத்தினபோது முன் ஸ்ப்ராக்கெட்டுக்குக் கீழே எண்ணெய் சொட்டியது. கியர்பாக்ஸில் இருந்து வெளியே வரும் ஷாஃப்டின் சீல் போயிருந்தது, உள்ளே பேரிங்கும் ஆட்டம். ஒருவருடைய பேக்கியில் (பிக்கப் வண்டியில்) ஏற்றித்தான் பைக்கை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தளர்ந்த செயின் சத்தம் போட்டு எச்சரிக்கும், அப்போது இறுக்கிக்கொள்ளலாம். இறுக்கமான செயின் இன்ஜினைப் பிளக்க வைக்கும்.

இப்படிச் செய்து பாருங்கள். சக்கரத்தை மெல்லச் சுற்றி, செயின் எங்கே மிக இறுக்கமாக நிற்கிறதோ அங்கே சாக்பீஸால் கோடு போடுங்கள். அளவு எடுப்பது அந்த இடத்தில்தான். கையேடு சொன்னபடி ஸ்டாண்டில் நிறுத்தி, இரண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவே ஸ்கேலைப் பிடித்து, கீழ்ச் செயினை ஒரு விரலால் மேலே தள்ளி, அப்புறம் கீழே இழுத்துப் பாருங்கள். ஆக்ஸில் நட்டை முறுக்கிய பிறகு மறுபடி ஒரு தரம் அளக்க மறக்காதீர்கள், முறுக்கும்போது அளவு மாறும். கடைசியாக, உங்கள் கணவரையும் இன்னொருவரையும் ஸீட்டில் உட்காரச் சொல்லி, மூன்று மையமும் நேராக வரும்போது செயினைத் தொட்டுப் பாருங்கள். அப்போதும் விரலுக்குக் கொஞ்சம் அசைந்து கொடுத்தால் சரி. இதை அவர் ஒரு முறை கண்ணால் பார்த்தால் போதும், இறுக்கச் சொல்ல மாட்டார்.

கேள்வி: செயினை மட்டும் மாற்றினால் போதாதா? ஸ்ப்ராக்கெட் பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது?
(லெனேஷியா வாசகர்)

பதில்: போதாது. பழைய செயின் நீண்ட அளவுக்குத் தகுந்தபடி பல்லும் தேய்ந்திருக்கும். புதுச் செயின் அதில் சரியாக உட்காராமல் ஒன்றிரண்டு பல்மேலேயே சுமை ஏறும். செயின், இரண்டு ஸ்ப்ராக்கெட், மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். பின்னால் அலுமினியம் வேண்டாம், ஸ்டீல் போடுங்கள்.

கேள்வி: செரெஸில் இருந்து கல்வினியாவுக்கு டாங்க்வா வழியாகப் போகிறோம். செயின் அறுந்தால் என்ன கொண்டுபோக வேண்டும்?
(கேப் டவுன் வாசகர்)

பதில்: ஆர் 355 சாலையில் சுமார் 250 கிலோமீட்டருக்கு நடுவே ஊர் கிடையாது. அங்கே கூர்க்கல் டயரைத்தான் முதலில் கேட்கும், ஆனாலும் செயினுக்கும் ஏற்பாடு வேண்டும். உங்கள் செயினின் அதே கம்பெனி, அதே மாடல் கிளிப் லிங்க் (கிளிப் மாட்டிச் செயினை இணைக்கும் லிங்க்) இரண்டு, உதிரி லிங்க் ஒரு துண்டு, சின்னச் செயின் கட்டர், கொறடு. கிளிப் லிங்கோடு நான்கு ரப்பர் வளையம் வரும். அவசரத்தில் அதைப் போட மறந்துவிடுபவர்கள் நிறைய. கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டால் ஒரு கல் பட்டாலே தெறித்துவிடும்.

கிளிப் வழிக்கு மட்டும். வீட்டில் போடும்போது பின்னின் முனையை நசுக்கி இறுக்கும் ரிவெட் லிங்க்தான். செயின் அறுந்து சுருண்டால் இன்ஜின் உறையையே உடைத்துவிடும், அதனால் கிளம்பும் முன்பே விறைத்த லிங்க் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கேள்வி: செயினுக்குப் பதில் சுழலும் தண்டு உள்ள ஷாஃப்ட் டிரைவ் பைக் வாங்கினால் இந்த வேலையே இல்லையே? முதல் அட்வென்ச்சர் பைக் வாங்கப் போகிறேன்.
(ஃபீனிக்ஸ் மாணவர்)

பதில்: இல்லைதான். பிஎம்டபிள்யூவின் பெரிய ஜிஎஸ்ஸில் ஷாஃப்ட்தான், வாரா வாரம் பிரஷ் பிடிக்க வேண்டாம். ஆனால் எடை கூடும், விலையும் கூடும். லெசோத்தோ மலையில் ஷாஃப்ட் கெட்டால் கொறடு வைத்துச் சரி செய்ய முடியாது. முதல் பைக் என்றால் செயின் உள்ளதாகவே பாருங்கள் தம்பி. பழையது வாங்குவதாக இருந்தால், விலை பேசும் முன் பின் ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்பக்கம் குனிந்து, செயினை இரண்டு விரலால் வெளியே இழுத்துப் பாருங்கள். பல்லில் பாதி கண்ணுக்குத் தெரிந்தால், புதுச் செயினுக்கும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் ஆகும் காசை விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.