தெரியும் வேறு, நம்புகிறேன் வேறு

கேள்வி: தர்க்கம் நாம் வகுத்த விதி, மொழி பிறந்த வீட்டில் ஒட்டிக்கொண்டது, நம்பிக்கை யாரோ ஊட்டியது. இந்த மூன்றின் வழியாகத்தான் எதையும் அறிகிறோம் என்றால் அறிவு என்று ஒன்று உண்டா? அவரவர் நம்பிக்கை அவரவருக்கு உண்மை என்று விட்டுவிடலாமே?
— ஒரு வாசகர், கொல்லங்கோடு

பதில்: விட முடியாது. உங்கள் முதல் பாதி சரி, அதிலிருந்து இரண்டாம் பாதிக்குத் தாவியதுதான் தப்பு.

கேரளத்தில் பாலக்காட்டுப் பக்கம் இருக்கும் உங்கள் ஊரையே எடுத்துக்கொள்வோம். பொள்ளாச்சியிலிருந்து புதிதாகக் குடிவந்தவர், பக்கத்து வீட்டில் 'வெள்ளம் வந்நு' என்ற குரலைக் கேட்டால் ஆறு பெருகிவிட்டதோ என்று பதறுவார். குழாயில் தண்ணீர் வந்திருக்கும்; மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். மொழி அவரைத் தடுமாற வைத்தது, ஆனால் எவ்வளவு நேரத்துக்கு? வாசலுக்கு வந்து பார்க்கும்வரை.

அப்புறம் தர்க்கம். மழைக்காலக் காலையில் நெல்லியாம்பதி மலைமேல் வெள்ளையாக எழும்புகிறதே, அது புகையா மூடுபனியா? மணிமேகலையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் அனுமானத்தில், அதாவது ஒன்றைக் கண்டு இன்னொன்றை ஊகிப்பதில், வரும் பிழைகளைச் சொல்லும்போது இதையும் சொல்கிறார்: ஆவியோ பனியோ என்ற சந்தேகம் தீராமலே அதைப் புகை என்று வைத்துக்கொண்டு, அங்கே நெருப்பு இருக்கிறது என்று துணிவது பிழை. புகை இருந்தால் நெருப்பு இருக்கும் என்ற விதியில் அவர் குறை காணவில்லை, பார்த்தது புகைதானா என்றுதான் கேட்கிறார். அதே நூலில் வஞ்சி மாநகரத்து அளவைவாதி என்ற தர்க்கவாதி அறியும் வழிகள் பத்து என்கிறார், அறவணர் காண்டல் (நேரில் காண்பது), கருதல் (ஊகித்து அறிவது) இரண்டுதான் என்கிறார். வழி எத்தனை என்பதில்தான் இருவருக்கும் வழக்கு. வழியே இல்லை என்று இருவரும் கைவிரிக்கவில்லை.

நம் பேச்சையே கவனியுங்கள். 'நான் நம்புகிறேன்' என்கிறோம், ஆனால் 'எனக்குத் தெரியும்' என்கிறோம். நம்புவது நான் செய்வது, தெரிவது எனக்கு வந்து சேர்வது. கண்ணுக்குத் தெரிவதற்கும் அதே சொல்தான். மலையாளத்திலும் 'ஞான் விஸ்வசிக்குந்நு', ஆனால் 'எனிக்கறியாம்'. இலக்கணம் எதையும் நிரூபித்துவிடாது, சரி. ஆனால் நம்புவதற்கும் தெரிவதற்கும் நடுவே நீங்கள் அழிக்கப் பார்க்கிற கோடு இருக்கிறதே, அதை இரண்டு மொழிக்காரர்களும் தினமும் போட்டுக்கொண்டுதான் பேசுகிறார்கள்.

எனக்கு இதில் கோபம் வருவதற்குக் காரணம் உண்டு. நல்ல பாம்பு கடித்த பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடாமல் மந்திரிக்க உட்கார வைக்கிற தகப்பனும் நம்பித்தான் செய்கிறார், அந்த நம்பிக்கையும் அவருக்கு யாரோ ஊட்டியதுதான். அவர் வீட்டு வாசலில் நின்று, அவரவர் நம்பிக்கை அவரவருக்கு உண்மை என்று சொல்வீர்களா?